விளக்கு வெட்டிய ஃபில்டர்

டிகாக்‌ஷன் இறங்காத காலை அது.

பழைய எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் ஊற்றிய வெந்நீர் ஊற்றியபடியே நின்றது. பக்கவாட்டில் தட்டினேன். கரண்டிக் காம்பால் தட்டினேன். மூடியைத் திறந்து காற்றுக்கு வழி விட்டேன். கீழே ஒரு சொட்டு விழவில்லை.

குற்றம் ஃபில்டருடையது மட்டுமல்ல. வழக்கமாகக் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை, சாலை மறியல் தொடங்கியதிலிருந்து பூட்டிக் கிடந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைத்த தூள் மாவு மாதிரி இருந்தது. சிக்கரி வேறு ஜாஸ்தி. நனைந்ததும் களிமண்ணாக அடைத்துக்கொண்டது.

மற்ற நாட்களில் எங்கள் தெருவில் காபி சொட்டும் சத்தம் யார் காதிலும் விழாது. விடிந்ததும் சேலம் பஸ்களின் ஹாரன் ஆரம்பித்துவிடும். அன்று கள்ளக்குறிச்சியில் எதுவும் ஓடவில்லை. முந்தைய நாள் கடைத்தெருப் பக்கம் போயிருந்தபோது, பஸ் நிலையத்தில் பஸ் நிற்கும் இடங்களில் ஆடுகள் வரிசையாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரோ அவற்றை ஊர்வாரியாக நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது.

அந்த அமைதியில், சொட்டாத ஃபில்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மலைமேல் தனியாக இருந்த மகளிடமிருந்து சேதி எதுவும் வரவில்லை.

பரண்மேல் புது ஃபில்டர் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு ஃபில்டர் எதற்கு?

இந்தத் தொடரில் எப்போதோ ஓரிடத்தில், எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு பித்தளை ஃபில்டர் வாங்கினோம் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். சின்னக் குடும்பத்துக்கு இரண்டு எதற்கு என்று சேலம் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கேட்டதிலிருந்து அதை எழுதலாமா வேண்டாமா என்றே நாட்கள் போயின. நான் அறிவியல் ஆசிரியை. இப்படிப்பட்ட விஷயங்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

என் மகள் வசந்திக்குக் கல்வராயன் மலையில் செவிலியர் வேலை கிடைத்தது. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையம். அதை ஒட்டியே ஓட்டு வீடு ஒன்று. தனியாகத்தான் இருக்க வேண்டும். இவள் காபி இல்லாமல் கண் திறக்காதவள். கரைத்துக் குடிக்கும் பொடி ஆகவே ஆகாது. எனவே அவளுக்கு ஒரு சின்ன ஃபில்டர். பழையதில் பாதித் துளைகள் அடைத்தும் மீதி அகன்றும் போயிருந்ததால் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று.

அந்த வேலை அவளுக்கு இட ஒதுக்கீட்டில் வந்தது. அதனால் தங்களுக்கும் தனி ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது பயம் மட்டும்தான்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த கபூர் பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். ஃபில்டர் என்றதும் பளபளவென்று இருந்ததை எடுத்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"டீச்சரம்மா, இது மினுமினுப்பு பாத்து வாங்குற சாமான் இல்ல. மேல் பாத்திரத்த வெளிச்சத்துல தூக்கிப் புடிங்க."

தூக்கிப் பிடித்தேன். அடித்தட்டின் ஊசித் துளைகள் பகலில் நட்சத்திரம் முளைத்ததுபோல் தெரிந்தன.

"எல்லா ஓட்டையும் ஒரே சைஸா இருக்குதா? பெருசா இருந்தா தூளும் சேந்து எறங்கும். பொடிசா இருந்தா, நீங்க ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தாலும் எறங்காது."

அடுத்து மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் பொருத்தி விரலால் திருப்பச் சொன்னார். ஆடவும் கூடாது; கடிக்கவும் கூடாது. கடித்தால் கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் டிகாக்‌ஷன் நின்றுவிடும். கடைசியில் மூடியைப் போட்டுக் காதருகே குலுக்கினார். தூளை அமுக்கும் குடை உள்ளே கலகலவென்று ஆடியது.

"இந்தச் சத்தம் வந்தா குடை லூசா கீதுன்னு அர்த்தம். தூளு உப்புறதுக்கு எடம் குடுக்கும்."

"இன்னா பாய், மாப்பிள பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றாள் வசந்தி.

"மாப்பிள்ளைய மாத்தித் தர முடியாதும்மா. ஃபில்டர நான் மாத்தித் தருவேன்."

உள்ளே ஈயம் பூசிய பித்தளைதான் வேண்டும் என்றாள் அவள். சூடு தங்குமாம். தேய்த்துக் கை ஓய்ந்து போகும் என்றேன்.

"மலையில புளிக்கா பஞ்சம்? நல்லா தேய்க்கட்டும் வுடு," என்றார் என் கணவர். கரும்பு ஆலையில் வேலை. எதற்கும் பதறாத மனிதர். எங்கள் வீட்டுப் பதற்றம் முழுவதையும் என் பொறுப்பில் விட்டிருந்தார்.

துளையும் பொருத்தும் சரியாக இருந்த இரண்டை எடுத்தோம்.

பேர் வெட்டுபவர்

பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் எடுத்து வருவதில்லை. பாய் கடை வாசலில், சாக்கு விரித்து, சிற்றுளியும் சுத்தியலுமாக ஏழுமலை என்பவர் உட்கார்ந்திருப்பார். சொந்த ஊர் களமருதூர். டிக் டிக் என்ற அந்தச் சத்தம் அந்தத் தெருவுக்கே உரியது.

அன்று அவர் முன்னால் ஒரு மூட்டை டம்ளர் இருந்தது. ஏதோ ஒரு கிராமத்தில் கருமாதி. வருகிறவர்களுக்கு இறந்தவர் பேர் போட்டு ஒரு டம்ளர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி வெட்டும்போது பேருக்கு மேலே சின்னதாக ஒரு விளக்கும் வெட்டுவார் ஏழுமலை. கீழே தட்டு, நடுவில் தண்டு, மேலே இலை மாதிரி ஒரு சுடர். கடைத்தெருவைச் சுற்றியுள்ள எந்த வீட்டின் அலமாரியைத் திறந்தாலும் அப்படி நாலு டம்ளராவது இருக்கும். சுடர் இருந்தால் ஆள் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஃபில்டர்களில் ஒன்றுக்கு "வசந்தி" என்றும் இன்னொன்றுக்கு என் பேர் "சரோஜா" என்றும் வெட்டச் சொல்லிவிட்டு வந்தோம். சாயங்காலம் ஏழுமலை செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிக் கொடுத்ததை என் கணவர் அப்படியே வாங்கி வந்தார். ஒன்றை வசந்தியின் டிரங்குப் பெட்டியில் வைத்தார். பழையது ஓடுமட்டும் ஓடட்டும் என்று இன்னொன்று பரணுக்குப் போனது. பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வசந்தி மலைக்குப் போன மறுவாரமே பஸ்கள் நின்றன.

சணலை அவிழ்த்தபோது

மேசைமேல் ஏறிப் பரணிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். புதுப் பித்தளையின் வாடை. முதலில் பழைய தூளைப் போட்டு வெந்நீர் விட்டு இறக்கிக் கொட்டினால்தான் அந்த வாடை போகும். அதற்கு முன் வெளிச்சத்தில் பார்க்க ஜன்னல் அருகே கொண்டுபோய்த் திருப்பினேன்.

வசந்தி என்று இருந்தது.

பெட்டியில் என்னுடையதை வைத்துவிட்டாரே, கவனமில்லாத மனிதர் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் பேருக்கு மேலே இருந்ததைப் பார்த்தேன்.

தட்டு. தண்டு. சுடர்.

வெட்டு புதிது என்பதால் பித்தளை அந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக மின்னியது. விரலால் தடவினேன். பிசிறு விரலைக் கீறியது.

இது ஒரு தவறு என்று எனக்கு உடனே தெரிந்தது. மூட்டை மூட்டையாக விளக்கு வெட்டிய கை, இதிலும் வெட்டிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணகாரியம் நடத்துகிறவள் நான். அத்தனையும் தெரிந்தும் ஃபில்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் அதை மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்போது பின்னால் டக் என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். இத்தனை நேரம் அடைத்துக்கொண்டிருந்த பழைய ஃபில்டர் சொட்ட ஆரம்பித்திருந்தது. நான் தட்டவில்லை. தொடவே இல்லை.

வெள்ளையன் சொன்னது

அந்த டிகாக்‌ஷனை யாரும் குடிக்கவில்லை. என் கணவரையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். ஒரு ஷட்டர் மட்டும் பாதி ஏற்றியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தோம்.

ஃபில்டரைப் பார்த்ததும் பாய் இரண்டு கன்னத்தையும் தொட்டுக்கொண்டார். "தவ்பா, தவ்பா. ஏழுமலை ஊருக்குப் போனவன் ரோடு அடைச்சதுல அங்கயே மாட்டிக்கினான். அவன் வரட்டும்மா. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

கடையின் மூலையில் கடுக்காய் மூட்டைமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளையன். மலைக்காரர். பஸ் இல்லாததால் மூட்டையைத் தலைச்சுமையாகவே இறக்கிக்கொண்டு வந்தவர். வசந்தி இருந்த ஊருக்குப் பக்கத்து ஊர் அவருக்கு.

"புது நர்ஸம்மாவப் பாத்தீங்களா? எப்டி கீறாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"நான் பொறப்படச்சொல்ல அந்தப் பக்கமாத்தான் வந்தேன் சாமி. வூடு பூட்டிக் கெடந்துச்சு. கூப்புட்டுப் பாத்தேன். பேச்சுமூச்சு இல்ல. வாசல்ல ஒத்தச் செருப்பு கெடக்குது. ஜோடியக் காணோம்."

சொல்லிவிட்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பாய் ஃபில்டரை மெதுவாகத் திருப்பி, பேர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

பதறாத என் கணவர் அன்றுதான் முதல்முறையாக என்னைவிட வேகமாக எழுந்தார்.

மரங்களின் உச்சி வழியாக

மலைக்குப் போகும் கச்சிராயபாளையம் ரோட்டில் நடந்தோம். சைக்கிள் கொண்டுபோய்ப் பயனில்லை. மறியலுக்காக வெட்டிய புளியமரங்கள் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கிடந்தன.

அடிமரம் ஒரு பக்க வயலில், தலை மறு பக்க வயலில் என்று கிடந்த மரங்களைச் சுற்றிப் போக வழியில்லை. கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். வாழ்நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்த மரங்களின் உச்சிக்குள் தரையில் நடந்துபோனேன். முகத்தில் துளிர் உரசியது. நாக்கில் பிஞ்சுப் புளியின் புளிப்பு. இடுப்பு உயரத்தில் ஒரு காக்கைக் கூடு, முட்டைகளோடு. அதன் காக்கை மேலே, கிளை இருந்த வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. கத்தவில்லை.

ஒரு மரத்தின்மேல் இளைஞர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கோடரி பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"எங்க போறீங்க?"

"மலைக்கு. பொண்ணு நர்ஸா இருக்குது. சேதி இல்ல," என்றார் என் கணவர்.

"டீச்சரா நீங்க? என் தங்கச்சி உங்ககிட்டதான் படிக்குது. போங்க டீச்சர், கைய புடிங்க," என்று ஒருவன் இறங்கி வந்து என்னை மரத்தைத் தாண்டி இறக்கிவிட்டான். இன்னொருவன் என் பையை முகர்ந்தான். "காபித்தூளு வாசன வருதே டீச்சர். எங்களுக்கு இல்லியா?"

அவர்கள் சிரித்தார்கள். பையில் தூள் எதுவும் நான் வைக்கவில்லை. ஃபில்டரைக் கடையிலேயே விட்டு வந்திருந்தேன். பிறகு யோசித்தால், எப்போதும் காபித்தூள் வாங்கி வருகிற பழைய பைதான் அது. அங்கே அப்போது அப்படி யோசிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் வழியில் ஆளே இல்லை. மலை நீலமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஆலமரம் ஒன்று ரோட்டை முழுதாக மூடிக் கிடந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றோம்.

அந்தச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

கலகல. சிறு நிறுத்தம். மறுபடி கலகல.

பாய் என் காதருகே குலுக்கிக் காட்டிய சத்தம். ஃபில்டருக்குள் குடை ஆடும் சத்தம். இலைக்குவியலின் அந்தப் பக்கத்திலிருந்து, நடை வேகத்தில், எங்களை நோக்கி வந்தது.

இலைகள் விலகின. வசந்தி நின்றாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் கீறல். தோளில் துணிப்பை. என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. அடி எடுத்து வைக்கவும் இல்லை. அவள் கண்ணில் இருந்தது என் மகளின் பார்வையே இல்லை.

கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, அங்க நிக்கறது உங்களுக்கும் தெரியுதா?"

அதே சமயம் அவளும், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல் அவரிடம்தான் கேட்டாள்.

"அப்பா, உங்க பக்கத்துல யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உங்கம்மாடி! இவ உம் பொண்ணு! ரெண்டு பேருக்கும் இன்னாதான் ஆச்சு?" என்று கத்தினார். அந்த ரோட்டில் அன்று கேட்ட ஒரே உரத்த குரல் அதுதான்.

போய் அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அவள் என் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். பழம் பழுத்ததா என்று பார்ப்பதுபோல்.

அவள் பையில் இருந்தது

பையிலிருந்த பொட்டலத்தை அவள் உடனே காட்டவில்லை. நானும் எங்கள் வீட்டு ஃபில்டரைப் பற்றிப் பேசவில்லை. வீடு வந்து, குளித்து, சோறு சாப்பிட்ட பிறகுதான் செய்தித்தாளைப் பிரித்துத் தரையில் வைத்தாள்.

சரோஜா என்று இருந்தது. மேலே அதே தட்டு, தண்டு, சுடர்.

மலைக்குப் போன புதிதில் பக்கத்து வீட்டில் கொடுத்த கடுங்காபியைக் குடித்துச் சமாளித்திருக்கிறாள். அடுப்பு ஏற்பாடாகி ஃபில்டரை எடுத்த அன்றுதான் பஸ் நின்றிருக்கிறது.

"தப்பா வெட்டிக்கினாங்கன்னு தெரிஞ்சுதும்மா. நல்லாவே தெரிஞ்சுது. ஆனா பஸ் வரல. யாரும் வரல. காலைல எழுந்தா அது அடுப்பு மேடைல என்னையே பாத்துக்கினு கீது. வூட்டப் பூட்டிக்கினு எறங்கிட்டேன்."

"செருப்பு?"

"வாசல்லயே வாரு அறுந்துச்சு. அங்கயே வுட்டுட்டு ஷூ போட்டுக்கினு வந்தேன். இன்னொண்ண அப்பவே நாய் தூக்கிக்கினு போச்சு."

காட்டுப் பாதையில் இறங்கி, வழியில் ஒரு மலைக்காரர் வீட்டில் தங்கி வந்திருக்கிறாள். பூட்டிக் கிடந்த வீட்டை வெள்ளையன் பார்த்தபோது அவள் எங்களை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். செருப்புக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று, தூள் வாசனைக்கு ஒன்று. பழைய ஃபில்டர் தானாகச் சொட்டியதற்குக்கூட ஒன்று: ஊறிய தூள் மெதுவாக வழி விட்டிருக்கும்.

அடுக்கி முடித்தபிறகு இந்த ஃபில்டரையும் கவிழ்த்து வைத்தேன்.

ஈரத்தில் தெரிவது

மரங்களை அகற்றிப் பஸ் விட்டதும் ஏழுமலை நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாய் அனுப்பியிருந்தார்.

"கை போன போக்குல போட்டுட்டேன்மா. அந்த ஊர்க்காரனுங்க அவசரப்படுத்திக்கினே இருந்தானுங்க. என் கைய ஒடைக்கணும்."

"கை எதுக்கு ஒடைக்கணும்? இதத் தேய்ச்சு எடுங்க, போதும்," என்றேன்.

வாசலில் உட்கார்ந்து அரத்தால் இரண்டிலும் விளக்கு முழுவதையும் தேய்த்து எடுத்தார். பிறகு மணலும் புளியும் போட்டுத் துலக்கினார். விரல் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று பாய் சொன்னதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்தால் அது கடையில் உட்கார்ந்திருக்கும். வேறு யாரோ ஒருத்தி வாங்கிப் போவாள்.

மறுபடி மலைக்குக் கிளம்பியபோது, அவரவர் பேர் போட்டதை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்றேன். வசந்தி கேட்கவில்லை. என் பேர் போட்டதையே பெட்டியில் வைத்தாள்.

"இது தெனம் சொட்டுச்சுன்னா நீ இங்க நல்லா கீறன்னு நெனச்சுக்குவேன்."

"படிச்ச பொண்ணு பேசற பேச்சாடி இது?"

"நீ படிச்சவதானே? என்னுத நீ ஏன் எடுத்து ஒளிச்சு வெச்ச?"

பாய் கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே அவளுடையதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவள் இன்றும் மலையில்தான் இருக்கிறாள். மாற்றல் கேள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அங்கே பிரசவம் பார்க்க வேறு ஆளில்லை என்கிறாள். எங்காவது மறியல் என்று காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வசந்தி பேர் போட்ட ஃபில்டர் நன்றாகவே உழைக்கிறது. பாய் பார்த்துக் கொடுத்த பொருத்து இன்னும் கடிக்கவில்லை. தூளை அமுக்காமல் குடையை மெதுவாக வைத்து, கொதிக்கும் தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடுவேன். ஒரே ஒரு விஷயம். ஆவி பட்டு வெளியே வியர்க்கும்போது, அரம் தேய்த்த இடத்தில் மட்டும் ஈரம் வேறு மாதிரிப் படிகிறது. தட்டு தெரிகிறது. தண்டு தெரிகிறது. சுடர் மட்டும் இதுவரை வந்ததில்லை. காய்ந்தால் போய்விடுகிறது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் இல்லையே என்றார். துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். வெளியே சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பித்தளை வியர்த்தது. தட்டு வந்தது, தண்டு வந்தது. நான் பார்க்காமல் காதை மட்டும் அருகே வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. விரலால் தட்டக்கூட பயமாக இருந்தது.

பிறகு, டக்.

இன்னொன்று விழும்வரை காதை எடுக்கவில்லை.